பழைய ஜெட் விமான கிட்டை ஒரு வீக்எண்டுல கட்டி முடிக்கறது எப்படி

பெட்டி ஓரம் கிழிஞ்சு, இன்ஸ்ட்ரக்ஷன் தாள் மஞ்சளாகி, பாதி பார்ட்ஸ் ஸ்ப்ரூவிலேர்ந்து (பார்ட்ஸைப் பிடிச்சு வச்சிருக்கற பிளாஸ்டிக் சட்டம்) கழண்டு அடியில உருண்டுட்டு கிடக்கற ஒரு பழைய பிளாஸ்டிக் ஜெட் கிட் கையில இருந்தா, அதை வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஷெல்ஃப்ல நிக்க வச்சிடலாம். கை வேகம் இதுல பெரிய விஷயமே இல்ல. எதையெல்லாம் செய்யப் போறதில்லன்னு பசை பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டா பாதி நேரம் மிச்சம். மீதி நேரத்தைத் தின்றது பசையும் பெயிண்டும் காயற நேரம்தான், அதை நாம குறைக்க முடியாது, ஆனா ஒண்ணு காயறப்ப இன்னொண்ணைச் செய்யலாம்.

எந்த கிட்டை எடுக்கறது

பழைய கிட்னு சொல்றது 1960, 70, 80கள்ல மோல்டு செஞ்சது. ஏர்ஃபிக்ஸ், ரெவெல், மோனோகிராம், மேட்ச்பாக்ஸ், ஹெல்லர், ஹசெகாவா, ஃப்ராக் கம்பெனி கிட்டெல்லாம் இந்த ரகம். ஒரே மோல்டு வேற வேற பேர்ல சுத்தும், அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஃப்ராக் 1976ல மூடினப்புறம் அதோட மோல்டு நிறைய சோவியத் யூனியனுக்குப் போய் நோவோங்கற பேர்ல மறுபடி வந்துச்சு. அதனால பெட்டி மேல இருக்கற படம் புதுசா இருக்கேன்னு உள்ள இருக்கற பிளாஸ்டிக்கும் புதுசுன்னு நம்பிடாதீங்க.

இந்த கிட்டுகள்ல பேனல் லைன் (விமானத்தோட தகடுகள் சேர்ற கோடு) பெரும்பாலும் மேல எழும்பி நிக்கற கோடாத்தான் இருக்கும், இப்ப வர்ற கிட் மாதிரி பள்ளமா இருக்காது (மேட்ச்பாக்ஸ்ல சிலது நேர் எதிர், வாய்க்கால் வெட்டி வச்சிருப்பான்). இந்தக் கோட்டையெல்லாம் தேய்ச்சுட்டு புதுசா பள்ளம் கீறறவங்க இருக்காங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா அது வாரக்கணக்குல போற வேலை. நாம அதைச் செய்யப் போறதில்ல. செய்யாத லிஸ்ட்ல அதுதான் முதல் ஐட்டம்.

சைஸுக்கு 1/72 எடுங்க. நிஜ நீளத்தை 72ஆல வகுத்தா மாடல் நீளம், எஃப்-86 சேபர்ங்கற அமெரிக்க ஜெட் நிஜத்துல சுமார் 11.4 மீட்டர், மாடல் 16 செ.மீ. வரும், சோவியத் மிக்-15 சுமார் 10 மீட்டர், அது 14 செ.மீ.தான். இதே 1/48ல எஃப்-4 ஃபேன்டம் மாதிரி ஒரு பெரிய ஜெட் எடுத்தீங்கன்னா 40 செ.மீ. நீளத்துக்கு ஜாயின்ட் தேய்க்கணும், அது வீக்எண்டு வேலை இல்ல.

அதைவிட முக்கியம் கலர். வியட்நாம் கால அமெரிக்க விமானப்படை விமானம்னா பெரும்பாலும் மேல ரெண்டு பச்சை, ஒரு பழுப்பு, கீழ வெளிர் சாம்பல். கலர் படக்கூடாத இடத்தை மறைக்க மாஸ்க் ஒட்டறதுலயே ஒரு நாள் போயிடும். ஒரே கலர்ல இருந்த விமானமா பாருங்க. கொரியப் போர் மிக்-15 நிறைய வெறும் உலோகமாவே பறந்துச்சு. பிரிட்டிஷ் விமானப்படையோட சாகசக் குழுவான ரெட் ஏரோஸ் ஓட்டினது 1965லேர்ந்து நேட், 1980லேர்ந்து ஹாக் விமானம், ரெண்டுமே சிவப்பு. அமெரிக்க எஃப்-102, எஃப்-106 ரெண்டும் பெரும்பாலும் முழுக்க பளபளன்னு ஒரே சாம்பல். முதல் தடவைன்னா என் ஓட்டு இந்த சாம்பலுக்குத்தான். சில்வர் அடிச்சா ஒரு கீறல் விடாம காட்டிக் கொடுக்கும், சிவப்பு சீக்கிரம் மூடாது, அடியில வெள்ளை அடிச்சாகணும், சாம்பல் மட்டும் எல்லாத்தையும் மன்னிக்கும், அதோட பளபளப்பு சாம்பல்னா டீக்கல் (தண்ணியில நனைச்சு ஒட்டற சின்னம், எழுத்து) ஒட்டறதுக்கு முன்னாடி தனியா கிளாஸ் கோட் (பளபளப்பான கிளியர் பூச்சு) வேண்டாம், ஒரு ஸ்டெப்பே குறையுது.

வெள்ளி ராத்திரி: டீக்கலை முதல்ல பாருங்க

எல்லாரும் கடைசியில தொடற சமாச்சாரம் டீக்கல், ஆனா பழைய கிட்ல முதல்ல பார்க்க வேண்டியது அதுதான். உங்களுக்குத் தேவைப்படாத ஒரு சின்ன டீக்கலை வெட்டி வெதுவெதுப்பான தண்ணியில அரை நிமிஷம் போடுங்க. முழுசா வழுக்கிட்டு வந்தா தப்பிச்சீங்க. தண்ணியிலயே சில்லு சில்லா உடைஞ்சா, மீதி ஷீட் மேல கிளியர் ஸ்ப்ரே ரெண்டு லேசான கோட் அடிச்சு காய வச்சிடுங்க, இல்லன்னா இதுக்குன்னே விக்கற லிக்விட் டீக்கல் ஃபிலிம் பூசுங்க. அப்படிப் பூசினப்புறம் ஷீட் முழுக்க ஒரே படலமாயிடும், அதனால ஒவ்வொரு டீக்கலையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுக்கணும், இது ஞாபகம் இருக்கட்டும்.

ஷீட் மஞ்சளாயிருந்தா ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெயில் படற ஜன்னல் கண்ணாடியில உள்பக்கமா ஒட்டி வைங்க, மஞ்சள் வெளுக்கும். ஆனா அதுக்கு பல நாள் வேணும், ரெண்டு நாள்ல நடக்காது, அதனால கிட்டை எடுக்கலாம்னு மனசுல பட்ட அன்னிக்கே ஷீட்டை மட்டும் ஜன்னல்ல ஒட்டிடுங்க. எதுவுமே வேலைக்கு ஆகலன்னா தனியா விக்கற டீக்கல் ஷீட் வாங்கறதுதான் வழி, அதுவும் கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கையில இருக்கணும்.

அப்புறம் ஸ்ப்ரூவை அப்படியே பாத்திரம் கழுவற லிக்விட் விட்ட வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க, பழைய டூத்பிரஷ் போதும். மோல்டுலேர்ந்து கழட்டறதுக்கு போட்ட எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தா பெயிண்ட் பிடிக்காது. கொதிக்கற தண்ணி வேண்டாம், பிளாஸ்டிக் வளைஞ்சுடும். கழண்டு கிடக்கற குட்டி பார்ட்ஸை ஒரு வடிகட்டியில போட்டு கழுவுங்க, சிங்க்ல போனது போனதுதான்.

அது காயறப்ப இன்ஸ்ட்ரக்ஷன் தாளை ஒரு தடவை முழுசா படிங்க. முக்கியமா இறக்கைக்கு அடியில டேங்க், ஏவுகணை மாட்டறதுக்கு துளை போடச் சொல்லியிருக்கான்னு பாருங்க. நிறைய கிட்ல அந்தத் துளை பாதிதான் இருக்கும், உள்பக்கத்துலேர்ந்து நாமதான் குத்தணும், இறக்கையை ஒட்டினப்புறம் ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல. பழைய கிட் ஏவுகணையெல்லாம் பாதி குச்சிக்கு றெக்கை முளைச்ச ரகம்தான், என்னைக் கேட்டா அதை விட்டுடுங்க, துளையும் போட வேண்டாம், டேங்க் மட்டும் மாட்டினா போதும்.

காக்பிட், ஓட்டை, மூக்கு வெயிட்

உடம்பு ரெண்டு பாதியா வரும். அதை ஒட்டறதுக்கு முன்னாடி உள்ள மூணு வேலை இருக்கு.

காக்பிட் சீக்கிரம் முடிஞ்சுடும். பழைய 1/72 கிட்ல பாதிக்கு மேல உள்ள ஒரு சீட்டும் ஒரு பைலட் பொம்மையும்தான் (மோனோகிராம் 1/48 மட்டும் விதிவிலக்கு, காக்பிட் அருமையா இருக்கும்). உள்ளே முழுக்க கருஞ்சாம்பல் அடிங்க, பைலட்டை உக்கார வைங்க, ஹெல்மெட் வெள்ளை, உடுப்பு பச்சை, முடிஞ்சது. பைலட் பொம்மை இருந்தா உள்ள இருக்கற வெறுமை தெரியாது. கேனோபி (காக்பிட் மேல இருக்கற கண்ணாடி மூடி) தடியா இருக்கறதால நீங்க சீட் பெல்ட் செஞ்சு வச்சாலும் யாரு கண்ணுக்கும் தெரியப் போறதில்ல.

காத்து உள்ள போற வாயும் பின்னாடி புகை வர்ற குழாயும் பழைய கிட்ல வெறும் பொந்து, முன்னாடி கண்ணை வச்சா பின்னாடி வெளிச்சம் தெரியும். உள்சுவர்ல கருப்பு அடிச்சு, நடுவுல கருப்பு அட்டை ஒண்ணு குறுக்க ஒட்டிடுங்க. இதைவிட சுலபமா ஒரு வழி இருக்கு. நிஜ விமானமே தரையில நிக்கறப்ப தூசி, பறவை உள்ள போகாம இருக்க வாய்க்கு சிவப்பு மூடி போட்டு வச்சிருப்பாங்க. ஒரு துண்டு ஸ்பாஞ்சையோ அட்டையையோ அந்த வாய் அளவுக்கு வெட்டி சிவப்பு அடிச்சு கடைசியில சொருகிட்டா, உள்ள ஜாயின்ட் எவ்வளவு கேவலமா இருந்தாலும் கவலை இல்ல. ஆனா அப்ப பைலட் உள்ள உக்காந்திருந்தா கேலியா இருக்கும், மூடி போட்டா பைலட்டை எடுத்துடுங்க.

மூணாவது வெயிட். மூக்குச் சக்கரம் இருக்கற ஜெட் பெரும்பாலும் பின்னாடிதான் கனம், வெயிட் வைக்கலன்னா எல்லாம் முடிஞ்சு நிக்க வைக்கறப்ப வாலை ஊனிக்கிட்டு மூக்கைத் தூக்கிடும். உடம்பு, இறக்கை, வால் எல்லாத்தையும் டேப் போட்டு தற்காலிகமா சேர்த்து, பெரிய சக்கரம் வர்ற இடத்துல ரெண்டு விரலை கீழ கொடுத்து தூக்குங்க. மூக்கு கீழ சாயற வரைக்கும் முன்னாடி வெயிட் சேர்த்துட்டே போங்க, சாய்ஞ்சப்புறம் இன்னும் கொஞ்சம் சேருங்க, ஏன்னா பெயிண்டும் பட்டியும் (இடைவெளியை நிரப்பற பசை) வாலுக்கும் கனம் சேர்க்கும். எஃப்-104, எஃப்-106 மாதிரி கூர்மூக்கு விமானத்துக்கு இடம் தாராளமா இருக்கு. மிக்-15, சேபர்ல மூக்கே ஓட்டை, அதனால காக்பிட் தரைக்கு அடியிலயும் பக்கவாட்டுலயும் திணிக்கணும், மிக்-21க்கு மூக்குல இருக்கற கூம்புக்குள்ள வைக்கலாம். சின்ன நட்டு, பேரிங் குண்டு, தூண்டில் ஈயக்குண்டு எது வேணா போடலாம். ஈயத்தை மட்டும் வெள்ளை ஃபெவிகால் வகைப் பசையில ஒட்டாதீங்க, வருஷக்கணக்குல அது ரசாயனமா மாறி உப்பி உடம்பையே பிளந்துடும், எபாக்ஸியோ சூப்பர் க்ளூவோ போடுங்க. ஈயத்தைத் தொட்டா கை கழுவிடுங்க.

சனி காலை: ஒட்டறது

நேரத்தை நிஜமா மிச்சப்படுத்தற இடம் இதுதான், அதனால நிதானமா சொல்றேன். கெட்டியான ட்யூப் பசையை ஓரம் வச்சிடுங்க. தண்ணி மாதிரி இருக்கற லிக்விட் சிமென்ட் வேணும், டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி மூடியிலயே பிரஷ் இருக்கற வகை. இது ஒட்டாது, பிளாஸ்டிக்கை உருக்கி ஒண்ணாக்கும், அதனால ரெண்டு பக்கமும் பெயிண்டோ பிசிறோ இல்லாம வெறும் பிளாஸ்டிக்கா இருக்கணும். விளிம்புல நீட்டிட்டு இருக்கற மெல்லிசு பிசிறை கத்தி முனையால சுரண்டி எடுங்க, ஒரு தட்டையான பலகையில வாட்டர் பேப்பரை (தண்ணி தொட்டு தேய்க்கற உப்புத்தாள்) வச்சு உடம்புப் பாதியை அது மேல கவுத்து நாலு தேய் தேய்ச்சா விளிம்பு சமமாயிடும்.

ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிங்க, மூக்குலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா, பிரஷ் நுனியால ஜாயின்ட்டைத் தொடுங்க. பசை தானா கோடு வழியா ஓடும். பத்து செகண்ட் விட்டு அழுத்துங்க. உருகின பிளாஸ்டிக் ஜாயின்ட்லேர்ந்து மெல்லிசா ஒரு வரப்பா வெளிய பிதுங்கும், அதைப் பார்த்து பதறி துடைச்சிடாதீங்க, அதுதான் நமக்கு வேணும். அந்த வரப்பு வந்த இடத்துல இடைவெளியே இல்லன்னு அர்த்தம். அப்படியே விட்டு அடுத்த ரெண்டு செ.மீ.க்கு போங்க, டேப்பும் துணி கிளிப்பும் போட்டு இறுக்கி வைங்க. விரல் ஜாயின்ட் மேல இருக்கறப்ப பசை தொட்டா விரலுக்கு அடியில ஓடி ரேகையை அப்படியே பிளாஸ்டிக்ல அச்சு எடுத்துடும், விரலைத் தள்ளி வைங்க. காஞ்சப்புறம் வரப்பை கத்தியால சீவிட்டு 400, 600, 1000னு வாட்டர் பேப்பரை தண்ணி தொட்டு தேய்ச்சா பட்டியே தேவைப்படாம ஜாயின்ட் மறையும். தண்ணி தொட்டு தேய்க்கறது மூக்குக்கும் நல்லது, தூள் பறக்காது.

ஜாயின்ட் இறுகறதுக்கு நேரம் வேணும், அதனால உடம்பை இறுக்கி வச்சுட்டு இறக்கையைப் பிடிங்க, இறக்கை காயறப்ப சக்கரத்துக்கு பெயிண்ட், சக்கரம் காயறப்ப கேனோபிக்கு மாஸ்க். அடுப்புல ஒண்ணு கொதிக்கறப்ப இன்னொண்ணை நறுக்கற கணக்குதான்.

இறக்கையை உடம்போட சேர்க்கற இடத்துல பழைய கிட் கட்டாயம் வம்பு பண்ணும். இடைவெளி இருந்தா பட்டியைத் தேடறதுக்கு முன்னாடி, உடம்பு குறுகலா இருக்கா பாருங்க. அப்படின்னா உடம்பை ஒட்டறப்பவே ஒரு ஸ்ப்ரூ துண்டை அளவா வெட்டி உள்ள குறுக்க நிறுத்தி அகலப்படுத்தினா இறக்கை கச்சிதமா வந்து உக்காரும். அதனாலதான் டேப் போட்டு முன்னாடியே சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். இறக்கை தொங்கினா முனையிலேர்ந்து முதுகு வழியா அடுத்த முனைக்கு டேப்பை இழுத்துக் கட்டி, சரியான சாய்வுல நிக்கறப்ப பசை விடுங்க. முன்னாடிலேர்ந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்க, ரெண்டு இறக்கையும் வாலும் சமமா இருக்கணும்.

அப்படியும் இடைவெளி இருந்தா கருப்பு சூப்பர் க்ளூவோ சாதா சூப்பர் க்ளூவோ டூத்பிக்கால வச்சு நிரப்பி, ஒரு மணி நேரத்துக்குள்ள தேய்ச்சிடுங்க, ராத்திரி முழுக்க விட்டா பிளாஸ்டிக்கைவிட கெட்டியாயி பக்கத்து பிளாஸ்டிக்தான் தேயும். இறக்கை மூலைக்கு தண்ணியில கரையற வாலேஹோ வகை பட்டி இன்னும் சுலபம், நிரப்பிட்டு ஈரமான காட்டன் பட்ஸால துடைச்சா முடிஞ்சது, தேய்க்கவே வேண்டாம். ஸ்ப்ரூவை பசையில கரைச்சு பட்டி செய்யலாம்னு சொல்வாங்க, நல்லா பிடிக்கும், ஆனா காய நாளாகும், காஞ்சா சுருங்கும், அவசரத்துக்கு ஆகாது. தேய்ச்சதுல எழும்பின பேனல் லைன் அங்கங்க அழிஞ்சு போகும். போகட்டும்.

சனி சாயங்காலம்: கேனோபி, பெயிண்ட்

கேனோபி பக்கம் சூப்பர் க்ளூ கொண்டு போகாதீங்க, அதோட ஆவியே வெள்ளையா பனி படிய வச்சிடும். வெள்ளைப் பசைதான், காஞ்சா கண்ணாடியாயிடும். கீறல் இருந்தா ஒட்டறதுக்கு முன்னாடி டூத்பேஸ்ட் வச்சு மெல்லத் துணியால தேய்ங்க. மாஸ்கிங் டேப்பை ஃபிரேம் மேல அழுத்தி, டூத்பிக்கால விளிம்பைத் தேய்ச்சா கோடு தெரியும், புது பிளேடால லேசா வெட்டுங்க.

பெயிண்டுக்கு ஸ்ப்ரே கேன் போதும், ஏர்பிரஷ் இருந்தாலும் கழுவற நேரத்தை யோசிச்சா ஒரே கலருக்கு கேன்தான் சீக்கிரம். கேனை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தா பெயிண்ட் மெல்லிசா வரும் (அடுப்பு பக்கம் வேண்டவே வேண்டாம், வெடிக்கும்). வெளியில அல்லது ஜன்னல் திறந்து, முகத்துக்கு மாஸ்க் போட்டு, 15லேர்ந்து 20 செ.மீ. தள்ளி, விமானத்துக்கு வெளியில ஆரம்பிச்சு குறுக்க ஓடி வெளியிலயே நிறுத்துங்க. முதல் கோட்ல மூடணும்னு ஆசைப்படாதீங்க, பிளாஸ்டிக் தெரிஞ்சா தெரியட்டும், பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டாவது, அப்புறம் மூணாவது. முதல்ல சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட் அடிச்சா விட்டுப்போன ஜாயின்ட் எல்லாம் அப்பவே தெரிஞ்சிடும். எனாமல் பெயிண்ட் மேல லாக்கர் ஸ்ப்ரே அடிக்காதீங்க, சுருங்கி தோல் உரியும். சில்வர்தான் வேணும்னா டாமியா ஏ.எஸ்-12 கேன் நல்ல சாய்ஸ், ஆனா பிரைமர் மேற்பரப்பு வழுவழுன்னு இருக்கணும். ராத்திரி பூரா காயட்டும், தொட்டுப் பார்க்கற கையைக் கட்டி வைங்க.

ஞாயிறு: டீக்கல், மிச்சம்

மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் மேல டீக்கல் ஒட்டினா அடியில காத்து மாட்டிக்கிட்டு வெள்ளி வெள்ளியா மின்னும், அதனால மேட்னா கிளாஸ் கோட் அடிச்சுட்டுதான். டீக்கல் போற இடத்துல தண்ணி ஒரு சொட்டு, டீக்கலை விரலால இழுக்காம தாள்லேர்ந்து வழுக்கி இறக்குங்க, இடம் சரியானதும் காட்டன் பட்ஸை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு உருட்டி தண்ணியை வெளியேத்துங்க. எழும்பின பேனல் லைன் மேல பழைய டீக்கல் கூடாரம் போடும், அதுக்கு மைக்ரோ சால் மாதிரி மென்மையாக்கற திரவத்தை மேல தடவிட்டு விட்டுடுங்க. சுருங்கும், பயமுறுத்தும், தொடாதீங்க, காயறப்ப தானா இழுத்துக்கும். பெட்டியில இருக்கற எல்லா குட்டி எழுத்தையும் ஒட்டணும்னு இல்ல. தேச அடையாளம், நம்பர், ஸ்குவாட்ரன் சின்னம், ஒண்ணு ரெண்டு எச்சரிக்கை முக்கோணம், போதும்.

அழுக்கு காட்ட வாஷ் (தண்ணி மாதிரி கரைச்ச பெயிண்ட்) ஊத்தற பழக்கம் இங்க உதவாது, கோடு பள்ளமா இருந்தாதானே நிக்கும். எழும்பின கோட்டு மேல மெத்துனு இருக்கற பென்சிலை படுக்க வச்சு ஒரு இழு இழுத்து விரலால லேசா தேய்ச்சா போதும், அழிஞ்சு போன இடத்துல ஸ்கேல் வச்சு பென்சிலாலயே கோடு போடலாம், கொஞ்ச தூரத்துலேர்ந்து பார்த்தா வித்தியாசம் தெரியாது. அதுக்கு மேல ஒரு கிளியர் கோட் அடிச்சு பூட்டிடுங்க.

சக்கரம், கதவு, டேங்க் எல்லாம் இப்பதான். பழைய கிட் கதவு தடியா இருக்கும், ஓரத்தை மட்டும் உள்பக்கமா சரிவா தேய்ச்சிட்டா மெல்லிசா தெரியும். சக்கரக் காலை ஒட்டினதும் முன்னாடி, பக்கவாட்டுலேர்ந்து பார்த்து நேராக்கி, அரை மணி நேரம் தலைகீழா விடுங்க. மூக்குல நீட்டற பிட்டோ குழாயை (வேகம் அளக்கற மெல்லிசு குழாய்), ஆரம்பத்துலயே வெட்டி வச்சுட்டு கடைசியில ஒட்டுங்க, இல்லன்னா சனிக்கிழமையே உடைஞ்சிருக்கும். உடைஞ்சே போச்சுன்னா ஸ்ப்ரூ துண்டை மெழுகுவத்தி சூட்டுல மேல காட்டி, பளபளன்னு இளகினதும் வெளிய எடுத்து மெதுவா ரெண்டு பக்கமும் இழுங்க, கம்பியா நீளும், வேணுங்கற தடிமன்ல வெட்டிக்கலாம்.

கேனோபி மாஸ்க்கை ஒரு மூலையில தூக்கி கண்ணாடியை ஒட்டினாப்பல படுக்க மடிச்சு உரிங்க, செங்குத்தா இழுத்தா பெயிண்டும் கூடவே வரும். அடியில எங்கயாவது பெயிண்ட் கசிஞ்சிருந்தா கத்தி எடுக்காம டூத்பிக்கை உளி மாதிரி சீவி சுரண்டுங்க, கண்ணாடியில கீறல் விழாது.